செல் நுண்ணுறுப்புகளைப் பிரிக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

தாவர செல்லின் உட்கரு, பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா மூன்றையும் ஃப்ளோ சைட்டோமெட்ரி (துகள்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு, அவற்றின் ஒளியை அளக்கும் முறை) வழியாகத் தனித்தனியே பிரித்தெடுக்கும் எங்கள் வேலை முடிந்திருக்கிறது. இதில் பேரெடுப்பது எப்போதும் இயந்திரம்தான். ஆனால் அதற்குள் அனுப்பும் கலவை கெட்டிருந்தால் எந்த லேசராலும் அதைச் சரிசெய்ய முடியாது. கலவை கெடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி பசுமைக்குடில் ஊழியர்களுக்கு. பசுங்கணிகம் எடுப்பதற்கு முந்தைய இரவு முழுக்கச் செடிகளை இருட்டில் வைத்துத் தந்தீர்கள். வெளிச்சத்தில் நின்ற இலையில் தரச மணிகள் மண்டியிருக்கும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றும்போது அந்தக் கனமான மணிகள் பசுங்கணிகத்தின் உறையைக் கிழித்துவிடும். உறை முழுசாக இருந்ததில் பாதிப் பங்கு உங்களுடையது.

அடுத்து, இலை நறுக்கியவர்களுக்கு. உட்கருவைப் பிரிக்க 1983-இல் டேவிட் கால்பிரெய்த்தும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறைதான் இன்றும் கைகொடுக்கிறது: சுமார் 50 மில்லிகிராம் இளம் இலை, 1 மில்லிலிட்டர் ஐஸ் குளிர்ச்சியான பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்), ஒரு புது பிளேடு. பஃபரில் 45 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 30 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட், பிஹெச்சை நிலையாக வைக்கும் மாப்ஸ் 20 மில்லிமோலார், செல் சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100 0.1 சதவீதம், பிஹெச் 7. மழுங்கிய பிளேடு இலையை நறுக்காது, நசுக்கும். உடைந்த உட்கருவும் குப்பையும் சேர்ந்து, இயந்திரம் வரையும் ஒளிர்வு வரைபடத்தின் இடது பக்கம் மேடாக எழும். அதனால்தான் ஒவ்வொரு மாதிரிக்கும் புது பிளேடு முனை கேட்டோம். நீங்களும் சலிக்காமல் மாற்றினீர்கள். கலவை பழுப்பேறும் இலைகளுக்கு பஃபரில் பீனால் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியை 1 சதவீதம் சேர்த்ததும், அதற்கும் அடங்காத மாதிரியைத் தயங்காமல் கொட்டியதும் சரியான முடிவுகள். பீனால் பொருட்கள் ஒட்டிய உட்கருவில் சாயம் சீராக ஏறாது.

நறுக்கியதை 30 மைக்ரோமீட்டர் நைலான் வலையில் வடித்து, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயமான புரொப்பிடியம் அயோடைடு, ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியான ஆர்என்ஏஸ் இரண்டையும் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வீதம் சேர்த்தோம். இந்தச் சாயம் இரட்டை இழை ஆர்என்ஏவிலும் ஒட்டும் என்பதால் ஆர்என்ஏஸை விடக்கூடாது. ஒப்பீட்டுக்கு 'சிடிராட்' (Ctirad) ரகப் பட்டாணி விதை தந்தவர்களுக்குத் தனி நன்றி. அதன் 2சி அளவு (சாதாரண உட்கரு ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவின் எடை) 9.09 பிகோகிராம் என்று தெரிந்திருப்பதால்தான் எங்கள் எண்களுக்குப் பொருள் வந்தது.

சார்ட்டரை (அளந்த துகள்களைத் துளித்துளியாகப் பிரித்துத் தரும் இயந்திரத்தை) இயக்கிய தோழரே, உங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். உட்கருவுக்கு 100 மைக்ரோமீட்டர் நாசிலும் (திரவம் வெளியேறும் முனை) குறைந்த அழுத்தமும் போதும். சிக்கலெல்லாம் மைட்டோகாண்ட்ரியாவில்தான். ஒரு மைக்ரோமீட்டர் அளவே இருக்கும் அது, ஒளிச்சிதறலில் இயந்திரத்தின் இரைச்சலோடு கலந்துவிடும். இயந்திரம் எதைத் துகளாகக் கணக்கில் எடுக்கும் என்று முடிவுசெய்யும் எல்லையான த்ரெஷோல்டை சிதறலிலிருந்து எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பிய, பச்சையாக ஒளிரும் புரதத்தின் ஒளிர்வில் வைத்தது நீங்கள். குளோரோபில்லின் சிவப்பு ஒளிர்வு தெரிந்ததையெல்லாம் கேட்டுக்கு (பிரிக்க வேண்டியவற்றைத் தேர்ந்தெடுக்கும் எல்லைக்கோடு) வெளியே தள்ளினீர்கள். மாதிரியை இரண்டு மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டியும் பார்த்தீர்கள். எண்ணிக்கை பாதியாகி, ஒளிர்வு அப்படியே இருந்தால் ஒன்றொன்றாகத்தான் போகின்றன. ஒளிர்வும் குறைந்தால் பல சேர்ந்து ஒன்றாகப் பதிவாகியிருக்கின்றன. இந்தச் சோதனையைத் தாண்டாத எந்த எண்ணையும் நம்பக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

சேகரிப்புக் குழாயில் அடர்த்தியான சார்பிட்டால் பஃபரை முன்கூட்டியே ஊற்றி வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். பிரிந்து விழும் துளியில் பெரும்பகுதி ஷீத் திரவம், அதாவது மாதிரியைச் சுற்றி ஓடும் இயந்திரத் திரவம். வெறும் குழாயில் விழுந்தால், 0.33 மோலார் சார்பிட்டாலில் பழகிய பசுங்கணிகம் வேறொரு கரைசலில் போய்ச் சேரும், உறை தாங்காது.

நுண்ணோக்கியில் உட்கார்ந்த நண்பர்களே, உங்கள் உதவி இல்லாமல் தூய்மையைப் பற்றி நாங்கள் வாயே திறந்திருக்க முடியாது. உறை இழந்த பசுங்கணிகமும் சிவப்பாகத்தான் ஒளிரும். இயந்திரத்தின் சிவப்புக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (நிறமற்றதையும் ஒளி வேறுபாட்டால் காட்டும்) நுண்ணோக்கியில் முழுசானது விளிம்பில் ஒளிவட்டத்தோடு பளிச்சென்று தெரியும், உடைந்தது கறுத்துப் புள்ளிபுள்ளியாகக் கிடக்கும். பிரித்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துச் சொன்னீர்கள்.

கடைசியாக, கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவியவர்களுக்கு. உட்கருவை விடுவிக்கும் டிரைட்டான், பசுங்கணிகத்துக்கு எமன். கழுவும் சோப்பின் மிச்சமும் அப்படித்தான். பசுங்கணிகப் பாத்திரங்களைத் தனித் தட்டில் ஒதுக்கி, சோப்பே படாமல் வெறும் வடிநீரில் அலசி வைத்தீர்கள். அந்தத் தட்டை அப்படியே தொடர்ந்து வைத்திருக்க வேண்டுகிறோம். அடுத்து வரும் குழுவுக்கும் அது தேவைப்படும்.

மிக்க நன்றியுடன்,
நுண்ணுறுப்புப் பிரிப்புக் குழுவினர்