காதுகுத்துக்கு வரும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம்.

குடும்பக் குழுவில் மாப்பிள்ளை போட்ட செய்தியைப் படித்தேன். 'நம் முன்னோர்கள் எந்த ஊசி போட்டுக்கொண்டார்கள்?' என்று கேட்டிருந்தது. அவர் படித்தவர், குட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறார். எல்லார் முன்னாலும் நான் பதில் எழுதினால் நன்றாக இருக்காது. அதனால் உனக்கு எழுதுகிறேன். முன்னோர்கள் போட்டுக்கொண்டார்கள், பாப்பா. பெரியம்மைத் தடுப்பூசி கண்டுபிடித்த ஜென்னர் பிறப்பதற்கு முன்பே போட்டுக்கொண்டார்கள்.

வங்காளத்தில் பெரியம்மை வராமல் கீறிவிடுவதற்கென்றே டீகாதார்கள் என்பவர்கள் இருந்தார்கள். பெரியம்மைக் காலம் தொடங்குமுன் ஊர் ஊராகப் போவார்கள். ஹால்வெல் என்ற ஆங்கில மருத்துவர் இதை 1767இல் எழுதி வைத்திருக்கிறார். கையில் லேசாகக் கீறி, அம்மைச் சீழ் தோய்ந்த பஞ்சைக் கங்கை நீரில் நனைத்து அதன்மேல் வைத்துக் கட்டுவார்கள். ஒரு மாதம் முன்பிருந்தே மீன், பால், நெய் கூடாது. புதுச் சீழைத் தொடவே மாட்டார்களாம். போன வருடம் கீறிக்கொண்டவர்களிடம் எடுத்து வைத்ததுதான். இத்தனை வருடம் ஊசி போட்ட எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. கிருமியைக் கண்ணால் காணாத காலத்தில் எவ்வளவு கவனம்! சீதளா தேவியைக் கும்பிட்டுத்தான் கீறினார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நமக்கு அது புரியாதா?

துருக்கியில் கிழவிகள் கொட்டை ஓட்டில் சீழை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குக் குத்துவதை 1717இல் மேரி மாண்டேகு என்ற ஆங்கிலேயப் பெண்மணி கடிதத்தில் எழுதினார். அம்மைக்குத் தம்பியைப் பறிகொடுத்து, தன் முகத்திலும் தழும்பு வாங்கியவர். மறு வருடமே தன் மகனுக்குக் குத்தவைத்தார். 1721இல் பாஸ்டனில் அம்மை பரவியபோது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒனேசிமஸ் என்ற அடிமை சொன்ன இதே முறையை ஒரு மருத்துவர் செய்து பார்த்தார். தானாக அம்மை கண்டவர்களில் நூற்றுக்கு 14 பேர் போனார்கள், குத்திக்கொண்டவர்களில் 2 பேர். அந்த 2 பேரும் சாக வேண்டாத வழியை 1796இல் ஜென்னர் மாட்டம்மையில் கண்டார். 1980இல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். முன்னோர் பெருமை பேசுகிறவர்கள் இதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் உடனே சொல். சளி, கண் சிவந்திருக்கிறது என்று நீ அன்றைக்குச் சொன்னாயே, ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. தட்டம்மை அப்படித்தான் ஆரம்பிக்கும். அது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டு, மூச்சு வாங்கிய பிள்ளைகளை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். நீ அதைப் பார்க்காமல் வளர்ந்தாய். உனக்கு எல்லா ஊசியும் நாள் தவறாமல் நானே போட்டேன்.

அங்கே வந்திருந்தபோது அலமாரியில் குட்டியின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தேன். ஒன்பதாம் மாதக் கட்டம் காலியாக இருந்தது. கேட்க வாயெடுத்தேன், மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். நீயாவது சொல்லியிருக்கலாம். ஊரில் இருக்கிற பிள்ளைக்கெல்லாம் வீடு தேடிப் போய்ப் போட்டவளிடம் சொல்ல உனக்கு என்ன தயக்கம்?

வெள்ளிக்கிழமை காதுகுத்து. மாமா மொட்டைக்கும் தோட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டான். நீங்கள் செவ்வாய்க்கிழமையே வந்துவிடுங்கள். புதன்கிழமை நம் சுகாதார நிலையத்தில் ஊசி நாள். சிஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டு, வைட்டமின் ஏ மருந்தும் கொடுப்பார்கள். மாப்பிள்ளையும் கூட வரட்டும், கேட்க வேண்டியதையெல்லாம் அங்கேயே கேட்கட்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சல் வரலாம், பயப்படாதே. வந்தால் உடனே சொல்.

அட்டை மேல்தட்டில், உன் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா