பதிலாளைத் தேடிப் பிடிப்பது ஊழியரின் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இடமாற்றம் கேட்டு அலையும் அரச ஊழியர்களைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் "சம்பளம் வருகுதுதானே, எங்கே போட்டாலும் வேலை செய்ய வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் தெரியாது. கிழக்கு மாகாணம் புல்மோட்டையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாக நீண்டு கிடக்கிறது, மாகாணத்தின் தலைமை அலுவலகங்கள் இங்கே திருகோணமலையில். கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோ அந்தப் பக்கம் போய் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வரத்தான் துடிக்கிறது, ஆனால் ஆளையாள் தெரியாது.

நானும் மாகாண சேவையில் முகாமைத்துவ உதவியாளர்தான். ஊழியர் விடயங்களைப் பார்க்கும் தாபனக் கிளையில் இருப்பதால் இந்த விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. அநேகமானவற்றுக்குப் போகும் பதில் ஒரே வரி: "பொருத்தமான பதிலாள் கிடைக்கும்போது பரிசீலிக்கப்படும்." என் சொந்த விண்ணப்பத்துக்கும் அதே வரிதான் வந்தது. அந்தப் பதிலாளை யார் தேடுவது? எழுத்தில் யாரும் சொல்வதில்லை, ஆனால் நடைமுறையில் கேட்டவர்தான் தேட வேண்டும். அதனால்தான் வாட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் "மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு, தரம் இரண்டு, பரஸ்பர இடமாற்றத்துக்கு ஆள் தேவை" என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யார் எங்கே இருக்கிறார், எந்தத் தரம், எத்தனை வருடம் ஓரிடத்தில் இருக்கிறார் என்ற விபரமெல்லாம் சுயவிபரக் கோவைகளில் அலுவலகத்திலேயே இருக்கும்போது, ஊழியர் தன் தொலைபேசி இலக்கத்தை முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் போட்டு ஆள் பிடிக்க வேண்டியிருப்பது எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது, அதுவும் இளம் பெண் பிள்ளைகள்.

பரஸ்பர இடமாற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதை அதிகாரிகள் கட்டாயம் யோசிக்க வேண்டும். மட்டக்களப்பில் இருக்கும் ஒருவர் திருகோணமலைக்கு வர விரும்புகிறார். திருகோணமலையில் இருப்பவர் கல்முனைக்குப் போக விரும்புகிறார். கல்முனையில் இருப்பவருக்கு மட்டக்களப்பு வேண்டும். இவர்களில் எந்த இருவரை எடுத்தாலும் மாற்றிக்கொள்ள முடியாது, ஆகவே மூன்று விண்ணப்பமும் தனித்தனியாக "பதிலாள் இல்லை" என்று கோவைக்குள் போய்விடும். மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் ஒரே கடிதத்தில் மூன்று பேரும் வீட்டுக்குப் போகலாம், ஒரு அலுவலகத்திலும் கதிரை காலியாகாது. எல்லா விண்ணப்பங்களும் ஒரே பட்டியலில் இருந்தால் கணினிக்கு இது பெரிய வேலையே இல்லை.

அயர்லாந்தில் 2017இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். எழுதுவினைஞர் தரத்திலும் அதற்கு மேலுள்ள நிர்வாக உத்தியோகத்தர் தரத்திலும் இருப்பவர்கள், தாங்கள் போக விரும்பும் இடங்களை இணையத்தில் பதிந்து ஒரு வரிசையில் சேரலாம். இடம் காலியாகும்போது அந்த வரிசையிலிருந்து அழைப்பு வரும். வேறு திணைக்களத்துக்கும் மாறலாம். நமது நாட்டிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும் பொதுவான இணைந்த சேவைகளுக்கு வருடாந்த இடமாற்றம் இருக்கிறது, ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும், தொழிற்சங்கங்களும் இருக்கும் இடமாற்றச் சபை இருக்கிறது, மேன்முறையீடும் செய்யலாம். ஆனால் பட்டியலில் பெயர் வந்த பிறகும் "ஆள் வந்தால்தான் விடுவிப்பேன்" என்று திணைக்களத் தலைவர் பிடித்து வைத்தால் என்ன செய்வது? வரவேண்டியவரை அவருடைய தலைவர் பிடித்து வைத்திருப்பார். இப்படியே மாதங்கள் போகும்.

மத்திய அரசிலிருந்து மாகாணத்துக்கோ மாகாணத்திலிருந்து மத்திய அரசுக்கோ மாறுவது இதைவிடக் கஷ்டம். இதே நகரத்தில் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகமும் மத்திய அரசின் கீழ், மாகாணத் திணைக்களங்கள் மாகாண சபையின் கீழ். நடந்து போகும் தூரத்தில் இருந்தாலும் இவை வேறு வேறு சேவைகள், நியமன அதிகாரியும் வேறு. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் மாகாண சேவையைத் தனியாக வைத்திருக்கிறது, அது நல்லதுதான், மாகாணத்தின் அதிகாரம் மாகாணத்திடமே இருக்கட்டும். அதற்காக ஆட்கள் அங்குமிங்கும் மாற வழியே இருக்கக்கூடாது என்று அர்த்தமில்லையே. வட மாகாணத்திலிருந்து வர நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்து, 2007 ஜனவரி 1இலிருந்து மாகாணங்கள் பிரிந்தன. அதன் பிறகும் சில காலம் வட மாகாண அலுவலகங்களே நமது வரோதய நகரில்தான் இயங்கின. அன்று ஒரே மாகாண சேவையில் இருந்தவர்களுக்கு இன்று வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு வர இரண்டு மாகாணங்களின் சம்மதமும் வேண்டும், சேவை மூப்பு என்னாகுமோ என்ற பயம் வேறு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேட்டவரையெல்லாம் விட்டால் வெருகல், பதவிசிறிபுர போன்ற தூரத்து இடங்களில் யார் இருப்பது என்று மேலதிகாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்குள்ள சனங்கள் ஒரு கையெழுத்துக்காகத் திரும்பத் திரும்ப அலையக்கூடாது. ஆனால் இன்றைய முறை அந்த இடங்களைக் காப்பாற்றுகிறதா? செல்வாக்கு உள்ளவர் தற்காலிக இணைப்பு என்று ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்துவிடுகிறார், சம்பளப் பட்டியலில் பெயர் அங்கே, ஆள் இங்கே. கேட்க ஆளில்லாதவர்தான் வருடக்கணக்காக மாட்டுப்படுகிறார். கஷ்டப் பிரதேசத்தில் இத்தனை வருடம் இருந்தால் வரிசையில் முன்னுக்கு வரலாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள், அங்கே போகத் தயங்குகிறவர்களும் போவார்கள்.

கிழக்கு மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவும் பிரதம செயலாளர் அலுவலகமும் அடுத்த வருடாந்த இடமாற்றத்துக்கு விண்ணப்பம் கோரும் முன்பே மாகாணம் முழுவதுக்கும் ஒரே வரிசையைத் திறந்து, யார் எத்தனையாவது இடத்தில் என்பதை விண்ணப்பித்த எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். விடுவிக்க வேண்டிய திகதியையும் இடமாற்றக் கடிதத்திலேயே போட வேண்டும். மத்திய அரசோடும் வட மாகாணத்தோடும் பேசி, சேவை மூப்பு குறையாமல் மாற வழி செய்வதற்குக் காலம் எடுக்கும், அது விளங்குகிறது. முதலிரண்டையும் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மாகாண அரச ஊழியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.