நைட் டூட்டி சிஸ்டருக்கும் மற்ற எல்லோருக்கும்

நான் வீடு வந்து 11 நாள். பையன் நேற்றுதான் வந்தான். தையல் இன்னும் இழுக்கிறது, இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் இருமுகிறேன். பிரசவ வலியில் என் கருப்பை கிழிந்த அன்றிரவு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. நன்றியையாவது இப்போதே எழுதிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அழகாக எழுதப் பார்த்துக் கெடுத்துவிடுவேன்.

வயிற்றைத் திறந்து, கருப்பையை எடுக்காமல் தைத்தே காப்பாற்றிய டாக்டர், மயக்க மருந்து டாக்டர், பாதித் தூக்கத்தில் ஓடிவந்த தியேட்டர் ஆட்கள், மூளை பாதிக்காமலிருக்கப் பையனை 72 மணி நேரம் குளிர்ச்சியில் வைத்து இமை கொட்டாமல் பார்த்த பச்சிளங்குழந்தைப் பிரிவு, எனக்குள் ஓடும் ஐந்து யூனிட் ரத்தத்தைக் கொடுத்த முகம் தெரியாதவர்கள், மூத்தவளுக்கு அம்மா ஞாபகமே வராமல் பார்த்துக்கொண்ட அண்ணி. இத்தனை பேரையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது நியாயமில்லைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர், மிச்ச இடம் உங்களுக்கு.

மணியை அழுத்தி எல்லோரையும் எழுப்பியது நீங்கள்தான் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் நான் எழுத வந்தது மூன்றாம் நாள் காலையைப் பற்றி. டூட்டி முடிந்து, தோளில் பையோடு வந்தீர்கள். அதுவரை யாரைக் கேட்டாலும் "எல்லாம் சரியாயிடுச்சே, ஏன் அதையே நினைக்கிறே?" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். எனக்கு அது கதவைச் சாத்துவது போல இருந்தது.

நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கிளவுஸ் சுற்றி வரும் வெள்ளைத் தாளை விரித்து, பேரிக்காயைத் தலைகீழாக வைத்தது போல ஒன்று வரைந்தீர்கள். கீழ்ப்பக்கம் குறுக்கே ஒரு கோடு. "இது உங்க பழைய சிசேரியன் தழும்பு. தசை மாதிரி இது நீண்டு கொடுக்காது. நார்மலுக்கு முயற்சி பண்றப்ப 200 பேர்ல ஒருத்தருக்கு இந்த இடம் விட்டுடும்." ஓரத்தில் நேரங்கள். 2.10, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவிலும் வலி நிற்கவில்லை. 2.14, குழந்தையின் துடிப்பு 140-லிருந்து 70. 2.31, குழந்தை வெளியே.

"இந்த 17 நிமிஷம் உங்களுக்குத் தெரியாம போச்சு. அதான் கொண்டுவந்தேன்" என்றீர்கள்.

தோள் வலிக்கிறது என்று அன்று நான் புலம்பியதை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். வயிறு கிழியும்போது தோளைச் சொல்வார்களா? அதற்கும் ஒரு கோடு போட்டீர்கள். உள்ளே கசிந்த ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோள்பட்டையில்தான் தெரியுமாம்.

கடைசியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "நான் நார்மல் வேணும்னு பிடிவாதம் பிடிச்சிருக்கக் கூடாதோ?" வேறு யாராக இருந்தாலும் உடனே "சேச்சே" என்றிருப்பார்கள். நீங்கள் பேனாவை மூடிவிட்டுச் சொன்னீர்கள்: "இதையே கேட்ட மத்த 199 பேருக்குத் தையல் விடல. அவங்க புத்திசாலியும் இல்ல, நீங்க முட்டாளும் இல்ல."

அன்றுதான் முதல் தடவையாக அழுதேன். வயிறு வலிக்க வலிக்க.

அந்தத் தாள் இப்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஃபைலில் இருக்கிறது. இன்னொரு பிள்ளை என்று ஒன்று வந்தால் பிரசவ வலி தொடங்கும் முன்பே சிசேரியன்தான், அதையும் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் கணவர் ரத்த தானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என் ஹீமோகுளோபின் ஏறட்டும், கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பிறகு நானும் போவேன்.

அன்று நீங்கள் வீடு போய்ச் சேர எத்தனை மணி ஆனது, தூங்கினீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. ஸ்டூலைச் சத்தமில்லாமல் தூக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனீர்கள்.