டிக்கியில் மணல் மூட்டை

சட்பரி, ஒன்டாரியோ
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன வாரம் "வண்டி கொஞ்சம் சறுக்கிவிட்டது" என்று நான் ஆரம்பித்ததுமே, "அந்தக் கிழட்டு வண்டியை வித்துத் தொலை" என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது பாரிஸ் ஸ்ட்ரீட் என்று வருகிற இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

முதலில் வண்டி. 2004 மாடல் மெர்க்குரி கிராண்ட் மார்க்கீ. நான் இருக்கும் பேஸ்மென்ட் வீட்டின் சொந்தக்காரத் தாத்தா வைத்திருந்தது. நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 84. இந்த மாகாணத்தில் 80 தாண்டியவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்குப் போய் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை அவரே போதும் என்று விட்டுவிட்டு, 2,500 டாலருக்குச் சாவியை என்னிடம் கொடுத்தார். (ரூபாயில் கணக்குப் போடாதீர்கள்.)

நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். முன்சீட்டு நம் அம்பாசிடர் போலவே நீளமான பெஞ்சு. கியர் தண்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், உங்கள் மார்க் 4 அம்பாசிடரில் இருந்த அதே இடத்தில். ஆட்டோமேட்டிக் என்பதால் கிளட்ச் மட்டும் இல்லை. தனி சேஸிஸ், 4.6 லிட்டரில் எட்டு சிலிண்டர், அடியில் நீளமாக ஷாஃப்ட், தள்ளுவது பின்சக்கரம். எடை 1,800 கிலோவுக்கு மேல். இதன் கூடப்பிறந்த கிரவுன் விக்டோரியாதான் ரொம்ப நாள் இங்கே டாக்ஸியாகவும் போலீஸ் வண்டியாகவும் ஓடியது. இரண்டுமே இதே மாகாணத்தில் செயின்ட் தாமஸ் என்ற ஊரில் செய்தவை. அந்தத் தொழிற்சாலையை 2011இல் மூடிவிட்டார்கள். அம்பாசிடருக்கு 2014. மூன்று வருடந்தான் வித்தியாசம்.

சரி, பாரிஸ் ஸ்ட்ரீட்.

டிசம்பரில், நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழரை மணி. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பனி என்றால் வத்தலக்குண்டில் மார்கழிக்கு இறங்குகிற பனி இல்லை அப்பா, கணுக்கால் புதையும் பனி. சிக்னலில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். மஞ்சள் விழப்போகிறதே என்று ஆக்சிலேட்டரை ஒரு துளி கூடுதலாக மிதித்தேன். அவ்வளவுதான். மூக்கு இடதுபக்கம் போகிறது, வால் அதைவிட வேகமாக வலதுபக்கம் போகிறது. யாரோ பின் பம்பரைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. பயத்தில் பிரேக்கை முழுக்க அமுக்கினேன். வண்டி நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி ஓரத்துப் பனிக் குவியலில் பின்புறத்தைச் செருகிக்கொண்டு நின்றது. சத்தமே இல்லை. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. எதிரே வண்டி வராதது யார் செய்த புண்ணியமோ. எனக்கும் ஒன்றுமில்லை, வண்டிக்கும் ஒரு கீறல் இல்லை. பிக்கப்பில் வந்த ஒருவர் இறங்கி, நான் கேட்காமலே மண்வெட்டியால் பனியை அள்ளிப் போட்டு, கயிறு கட்டி இழுத்துவிட்டுப் போனார். பெயர்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தாத்தாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. டயரைக் குனிந்து பார்த்தார், பட்டன் பள்ளத்தில் விரலை விட்டுத் தேய்மானத்தைப் பார்த்தார், அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொன்னார். காலியாக இருந்தது. "நினைத்தேன்" என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

உங்களுக்கு இது புதிதில்லை. மழைக்காலத்தில் பண்ணைக்காட்டுச் சவாரி போய்விட்டுச் சேறும் சகதியுமாக வருவீர்களே, ஒருநாள் நானும் கூட வந்தேன். சகதியில் ஒரு பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றியது, இன்னொன்று அசையவே இல்லை. நீங்கள் சாக்கை மடித்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரத்தைச் சொல்லி, "கிரவுன் எப்பவும் சோம்பேறி பக்கம்தான் சாயும்" என்றீர்கள். இங்கேயும் அதேதான். பிடி இல்லாத சக்கரத்துக்கே சுழற்சி எல்லாம் போய்விடுகிறது. போதாக்குறைக்கு இன்ஜின் முன்னால், எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களில். தள்ள வேண்டிய பின்சக்கரங்கள் இலேசாக நிற்கின்றன. முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் இன்ஜினின் பாரமே இழுக்கிற சக்கரத்தை அழுத்தித் தருகிறது. இன்றைக்கு இங்கே ஓடும் சின்ன கார்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

திருப்பத்தில் வால் ஏன் போகிறது என்பதைத் தாத்தா சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. டயருக்கு இருக்கும் பிடி மாதச் சம்பளம் மாதிரி. தள்ளுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பக்கவாட்டில் போகாமல் நிற்பதற்கும் அதிலிருந்துதான். தார் ரோட்டில் பெரிய சம்பளம், கணக்கே பார்க்க வேண்டாம். பனியில் அது சுருங்கிவிடுகிறது. திரும்பும்போது ஆக்சிலேட்டரை அமுக்கினால் முழுச் சம்பளமும் தள்ளுவதற்கே போய், பக்கத்தில் பிடித்து நிற்க ஒன்றும் மிஞ்சாது. வால் விலகிவிடும்.

முதல் செலவு டயர். பனிக்கென்று தனி டயர் உண்டு. பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவில் பனிப்பூவும் போட்டிருக்கும். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடி குறையத் தொடங்கும், இது மிருதுவாகவே இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் இன்ஷூரன்ஸில் கொஞ்சம் குறைப்பார்கள். நான் சிக்கனமாக, பின்சக்கரம்தானே தள்ளுகிறது, அதற்கு மட்டும் இரண்டு வாங்கலாம் என்று பார்த்தேன். தாத்தா விடவில்லை. பின்னால் மட்டும் போட்டால் வண்டி நன்றாகக் கிளம்பும், ஆனால் திரும்பச் சொன்னால் திரும்பாது, நிற்கச் சொன்னால் நிற்காது. நான்கும் வாங்கினேன், பழையதுதான், பட்டன் நன்றாக இருக்கிறது.

இரண்டாவது மணல். குழாய் போல நீளமான பையில் 27 கிலோ மணல் அடைத்துக் கடைகளில் விற்கிறார்கள். இப்போது என் டிக்கியில் நான்கு மூட்டை. வைக்கிற இடம்தான் முக்கியம். பின்சீட்டை ஒட்டினாற்போல, அச்சுக்கு நேர் மேலே. பம்பர் பக்கம் தள்ளி வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வால் ஊஞ்சல் மாதிரி வீசும். உருளாமல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். சிக்கிக்கொண்டால் ஒரு பையைக் கிழித்துச் சக்கரத்துக்கு அடியில் கொட்டலாம், உங்கள் சாக்கு வேலையை அது செய்துவிடும். கொடைக்கானலுக்கு ஆறு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி "உட்கார்ந்து போகுது" என்பீர்களே, இப்போது இதுவும் உட்கார்ந்து போகிறது.

அப்புறம் பயிற்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியாகக் கிடந்த பெரிய பார்க்கிங் ஒன்றுக்குத் தாத்தா என்னைக் கூட்டிப்போனார். பக்கத்தில் பிளாஸ்கோடு உட்கார்ந்துகொண்டு, "வேண்டுமென்றே சறுக்க விடு" என்றார். முதலில் கை நடுங்கியது. வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், பிரேக்கைத் தொடக்கூடாது. இதெல்லாம் கேட்கும்போது சுலபம். கஷ்டம் அதற்கடுத்த நொடியில்தான். வால் உள்ளே வந்ததும் திருப்பிய ஸ்டியரிங்கை உடனே நேராக்க வேண்டும். மறந்தால் வால் மறுபக்கம் அடிக்கும், முதல் தடவையைவிட மோசமாக. ஏழெட்டுத் தடவை சுற்றிய பிறகு இடுப்புக்கு முதலில் தெரிய ஆரம்பித்தது. கண் பார்ப்பதற்கு முன்பே, வால் நகர்கிறது என்று சீட்டு சொல்கிறது. நீங்கள் டம்டம் பாறைப் பக்கத்து வளைவுகளில் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டியதன் ரகசியம் இதுதானோ?

உங்கள் சட்டங்களில் இரண்டு இங்கே செல்லாது, கோபப்படாதீர்கள். ஒன்று, "ஏறின கியர்லதான் இறங்கணும்." மலையில் அது சரி, பிரேக் சூடாகாமல் காப்பாற்றும். கண்ணாடி மாதிரி உறைந்த இறக்கத்தில் கியரைக் குறைத்தால் இன்ஜின் பின்சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கிறது, அதிலேயே வால் போய்விடும். மேலே இருக்கும்போதே நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு இறங்க வேண்டும். கிளம்பும்போது மட்டும் இரண்டாம் கியரில் போட்டுக் கிளம்புகிறேன், முதல் கியரின் முரட்டு வேகம் இல்லாததால் சக்கரம் சுற்றாது. இன்னொன்று, பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது. இதில் ஏபிஎஸ் இருக்கிறது. ஒரே அமுக்காக அமுக்கிப் பிடித்தால் போதும், காலுக்கடியில் கடகடவென்று அதிரும், மிதித்துவிடும் வேலையை அதுவே செய்யும். ஆனால் உங்கள் மூன்றாவது சட்டம், மூடுபனியில் ஹைபீம் போடாதே என்பது, அப்படியே செல்லும். கொட்டுகிற பனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைத் திரை ஒன்று கண்ணுக்கு முன்னால் பறக்கிறது.

இன்னொன்று கேட்டால் நம்பமாட்டீர்கள். இங்கே காரின் மூக்கிலிருந்து ஒரு கரண்ட் வயர் தொங்கும். இன்ஜினில் சின்ன ஹீட்டர் இருக்கிறது. மைனஸ் 25 என்று சொல்கிற ராத்திரியில் பிளக்கைச் சொருகிவிட்டுத் தூங்க வேண்டும். மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி வாசலில் நிற்கும்.

ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், ஆனால் மைனஸ் 18க்குக் கீழே உப்பு வேலை செய்யாது, மணல்தான். அந்த உப்பு வண்டியின் அடியைத் தின்றுவிடுகிறது. இலையுதிர் காலத்திலேயே அடியில் எண்ணெய் அடித்து வைக்க வேண்டுமாம், இந்த வருடம் எனக்குத் தெரியவில்லை.

மழையாக விழுந்து தரையில் உறைகிற நாட்களில் நான் வண்டியை எடுப்பதே இல்லை. டவுன் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸுக்குப் பெயர் "கோவா". தம்பியிடம் சொல்லுங்கள், அக்கா கோவாவில் வேலைக்குப் போகிறாள் என்று.

இப்போது உங்களிடம் ஒரு சந்தேகம், உடனே பதில் வேண்டும். பார்க்கிலிருந்து கியரில் போட்டதும் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். ரிவர்ஸில் போட்டால் மறுபடியும் ஒரு 'டக்'. ஓடும்போது ஒன்றும் இல்லை. இன்ஜின் சூடான பிறகும் கேட்கிறது. தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவருக்குக் கேட்கவில்லை. ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் போய்விட்டதா, இல்லை கிரவுனிலேயே ஆட்டமா? சத்தத்தைப் பதிவு செய்து தம்பியின் வாட்ஸாப்புக்கு அனுப்பியிருக்கிறேன். ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக் கேளுங்கள்.

உங்கள்
பாப்பா