அம்மா கேட்டது கொல்லைக்குப் போக

டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை குடும்பத்தாரை எல்லாம் அழைத்துப் புதுக் கட்டடத்தின் வரைபடத்தைக் காட்டினீர்கள். மாடிக்கு நாற்பது படுக்கை, நடுவில் நர்ஸ் மேசை, நீளமான வராந்தா. கருத்துச் சொல்லுங்கள் என்றீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அம்மாவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அதுவும் மூன்றாம் மாடியில். ஆள் போதவில்லை என்று எங்களுக்குச் சொல்லாமலேயே மாற்றியிருந்தீர்கள். நோட்டில் 'கதவைத் திறக்கச் சொல்லிக் கூச்சல், குவெட்டியாபின் மாத்திரை கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. அங்கிருந்த ஆயா ஒடிசாவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, தன்மையான பெண். அம்மா என்ன சொன்னார் என்று இந்தியில் கேட்டேன். "கோலோ, கோலோ என்றார். கதவையும் பிடித்து இழுத்தார்" என்றார்.

அம்மா சொன்னது 'கொல்லை'. கொல்லைக்குப் போகணும். பாபநாசம் பக்கத்தில் பிறந்தவர், கழிப்பறைக்கு அவர் வாயில் வருகிற சொல் அதுதான். இந்தியில் கோலோ என்றால் திற. போர்வையை விலக்கிப் பார்த்தேன். டயப்பர் கனத்துக் கிடந்தது, தொடையிடுக்கில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

அம்மா பெங்களூர் அல்சூரில் ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். அக்கம்பக்கத்தில் கன்னடத்திலேயே பேசிப் பழகியவர். இந்த நோய் பின்னால் கற்ற பாஷையைத்தான் பலரிடம் முதலில் பிடுங்கிக்கொள்கிறது. இன்றைக்கு அவரிடம் மிச்சமிருப்பது ஊர்த் தமிழ் மட்டும். முதல் மாடியில் ஆயாவாக இருந்த கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) அக்கா தமிழ் பேசுகிறவர், அவருக்கு அது புரிந்தது. காபி குடித்துக் கால் மணி ஆனதும் அவரே கையைப் பிடித்து அழைத்துப் போவார். பகலில் டயப்பரே கட்டியதில்லை. கூச்சலும் இருந்ததில்லை. மாத்திரையும் இருந்ததில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: மாடிக்கு நாற்பது பேர் வேண்டாம், எட்டுப் பத்துப் பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் மாறாத ஆயாக்களைக் கொடுங்கள். அவர்களில் ஒருவருக்காவது அங்கிருப்பவர்களின் தாய்மொழி தெரிந்திருக்கட்டும்.

இது என் ஆசைக்குச் சொல்வதல்ல. நெதர்லாந்தில் வேஸ்ப் ஊரில் 2009-இல் திறந்த ஹோகவேக் என்ற டிமென்ஷியா கிராமத்தைப் பற்றி அன்று நீங்களே பேசினீர்கள். அங்கே இருக்கிற கடையையும் நடைபாதையையும் காட்டினீர்கள். ஒரு வீட்டில் ஆறேழு பேர்தான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ஜப்பானில் டிமென்ஷியா உள்ளவர்களுக்கான குழு வீடுகளில் ஒரு பிரிவுக்கு ஒன்பது பேர்தான் உச்சவரம்பு. அமெரிக்காவில் 2003-இல் டுபெலோ என்ற ஊரில் தொடங்கிய 'பசுமை வீடுகள்' என்ற சிறு முதியோர் இல்லங்களில் வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அங்கே சமைப்பதும் குளிப்பாட்டுவதும் ஒரே ஆட்கள். அதனால் யாருக்கு எப்போது என்ன தேவை என்று அவர்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஹோகவேக்கின் கடைத்தெருவெல்லாம் நமக்கு வேண்டாம். அதற்கு நெதர்லாந்து அரசு செலவு செய்கிறது, இங்கே மாதம் ஐம்பத்தைந்தாயிரத்தை நாங்கள்தான் திரட்டுகிறோம். ஆனால் நாற்பதைப் பத்துப் பத்தாகத் தடுக்கச் சில சுவர்களும், பணிப்பட்டியலை மாற்ற ஒரு மனசும் போதும்.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குவெட்டியாபின் தூக்க மாத்திரை அல்ல, மனநோய்க்கான மருந்து. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. ஆளில்லாத குறைக்கு அதைக் கொடுப்பது தவறு.

அரசின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. முதியோர் நலச் சட்டம் 2007-இல் வந்தது. மாநில அரசு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்கலாம், அதில் ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்க இடம் இருக்கட்டும் என்று அது தலைக்கணக்குப் பேசுகிறது. நாட்டில் அறுபது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்று 2023-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவர்களை எத்தனை பேராகத் தங்கவைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்று யார் கேட்கப் போகிறார்கள்? சரி, அது உங்கள் கையில் இல்லை. வரைபடம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அஸ்திவாரம் போடுமுன் அதை ஒருமுறை திருத்துங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். எட்டுப் பத்துப் பேர், மாறாத ஆயாக்கள், புரிகிற பாஷை. அதுவரை அம்மாவைப் பழைய மாடிக்கு, கே.ஜி.எஃப். அக்காவிடமே அனுப்பிவிடுங்கள். எங்களைக் கேட்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். 'கொல்லை' என்ற சொல்லை எல்லாப் பாஷையிலும் எழுதிக் கொண்டுவருகிறேன், அவர் கட்டில் தலைமாட்டில் ஒட்ட அனுமதி கொடுங்கள். ஞாயிறு நாலு மணிக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு மகள்