கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் சுடும் விளையாட்டு: முதலில் ரேமைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் சுடும் விளையாட்டுகள் திக்கித் திணறுகின்றன என்று யாராவது கேட்டால், கணினிப் பக்கங்களில் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான். செட்டிங்ஸ் எல்லாவற்றையும் 'லோ'வுக்கு இறக்குங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள், அப்படியும் முடியாவிட்டால் கேமிங் லேப்டாப் வாங்குங்கள். பதில் எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: ரேம் (தற்காலிக நினைவகம்) எத்தனை ஸ்டிக்காக (தனித்தனிப் பட்டையாக) இருக்கிறது? பத்து நிமிடம் ஆடிய பிறகு பிராசசர் எத்தனை வாட் இழுக்கிறது? விளையாட்டு எந்த ரெசல்யூஷனில் (திரையில் எத்தனை புள்ளிகளில்) ஓடுகிறது? இவை தெரியாமல் சொல்லும் யோசனை, நாடி பிடிக்காமல் எழுதிய மருந்துச் சீட்டு.

ரேமிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான சிக்கல் அங்கேதான். தனி கார்டில் அதற்கென்றே வேகமான நினைவகம் இருக்கும். ஜிடிஎக்ஸ் 1050 போன்ற சாதாரண கார்டுக்கே நொடிக்கு 112 ஜிபி தரவு போய்வரும் வழி உண்டு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. விண்டோஸும் பிரவுசரும் பயன்படுத்தும் அதே ரேமில்தான் அதுவும் படிக்க வேண்டும், எழுத வேண்டும். டிடிஆர்4 2400 வேகத்தில் ஒரே ஒரு ஸ்டிக் இருந்தால் கிடைப்பது நொடிக்கு 19.2 ஜிபி. அதிலும் பிராசசருக்கு ஒரு பங்கு போய்விடும். அதே வேகத்தில் இரண்டு ஸ்டிக் போட்டால் 38.4 ஜிபி. 3200 வேகமென்றால் ஒன்றுக்கு 25.6, இரண்டுக்கு 51.2. பாதை இரட்டிப்பானால் ஃபிரேம்களும் (நொடிக்கு வரையப்படும் படங்களும்) இரட்டிப்பாகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனாலும் இத்தகைய லேப்டாப்பில் காசு செலவழித்துச் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பயன் தருவது வேறில்லை. இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள பிராசசரில் ரேம் ஒற்றைச் சேனலில் (ஒரே தரவுப் பாதையில்) இருந்தால், டிரைவர் அந்தப் பெயரையே காட்டாது; வெறும் யுஎச்டி என்று, எளிய வகையின் பெயரைத்தான் காட்டும். வாங்கும்போது பெட்டியில் ஒரு பெயர், திரையில் வேறு பெயர் என்று குழம்புகிறவர்கள் ரேம் ஸ்லாட்டைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

திறக்காமலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியை அழுத்தினால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று வரும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெமரி பக்கம் சேனலைக் காட்டும். டிடிஆர்5 லேப்டாப் வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாற வாய்ப்பு உண்டு: ஒற்றை ஸ்டிக்கையே அது 2×32 பிட் என்று எழுதும். இரண்டு என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், 4×32 வந்தால்தான் முழு அகலம். எல்பிடிடிஆர் வகை ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது; அது பெரும்பாலும் ஏற்கெனவே அகலமான பாதையில்தான் ஓடும். 4 ஜிபி பற்றவைத்து, பக்கத்தில் ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்ட லேப்டாப்புகளும் நிறைய உண்டு. அதில் 8 ஜிபி போட்டால் முதல் 8 ஜிபி இரட்டைச் சேனலிலும் மிச்சம் 4 ஜிபி ஒற்றையிலும் ஓடும். குறையொன்றுமில்லை.

ஸ்டிக் போடும்போது சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பை முதலில் பிடுங்கிவிட வேண்டும். ஸ்டிக்கைச் சாய்வாக நுழைத்து, தங்க நிற முனைகள் உள்ளே போகும்வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது ஒரு நிமிடமோ கூடுதலாகவோ திரை கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமை போர்டு சோதித்துப் பழகும் நேரம் அது. பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வேகம் வேறுபட்ட இரண்டு ஸ்டிக்குகள் இருந்தால் இரண்டுமே குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

இதோடு ஒட்டிய தவறான யோசனை ஒன்று: 'விரேமைக் (கிராபிக்ஸுக்கான நினைவகத்தை) கூட்டுங்கள்'. பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையில்) கிராபிக்ஸுக்கென்று 128 எம்பிதான் ஒதுக்கியிருக்கிறது என்று பதறுகிறார்கள். அது தொடக்க ஒதுக்கீடு மட்டுமே. தேவைப்படும்போது ரேமில் ஏறக்குறைய பாதிவரை விண்டோஸ் தானாகவே கொடுக்கும். 8 ஜிபி உள்ள லேப்டாப்பில் 2 ஜிபியைப் பூட்டி வைத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் 6 ஜிபிதான் மிஞ்சும், விளையாட்டு வட்டிலிருந்து இழுக்கத் தொடங்கி இன்னும் மோசமாகத் திக்கும். நினைவகம் போதாது என்று விளையாட்டு திறக்கவே மறுத்தால் மட்டும் அந்த எண்ணைத் தொடலாம். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் (அமைப்புப் பதிவேட்டில்) எண் மாற்றும் வித்தை ஒன்றும் சுற்றுகிறது. அது விளையாட்டுக்குப் பொய்க் கணக்கு காட்டுமே தவிர ஒரு பைட்டும் கூட்டாது.

அடுத்தது மின்சாரம். 'யு' வகை மெல்லிய லேப்டாப் பிராசசர்களில் பலவற்றுக்கு 15 வாட்தான் நிலையான வரம்பு. பிராசசர் கோர்களும் கிராபிக்ஸும் அந்த 15 வாட்டையே பங்கு போட்டுக்கொள்கின்றன. விளையாட்டு தொடங்கியதும் சில நொடிகள் வரம்பை மீறி இழுக்க அனுமதி உண்டு, அப்போது எல்லாம் நன்றாக ஓடும். அந்த அவகாசம் முடிந்ததும் கோர்கள் டர்போ (வழக்கத்தைவிடக் கூடிய) வேகத்துக்காக மின்சாரத்தை விழுங்க, கிராபிக்ஸ் பட்டினி கிடக்கும். இதற்குத்தான் பவர் ஆப்ஷனில் அதிகபட்ச பிராசசர் நிலையை 100 இலிருந்து 99 சதவீதம் ஆக்கும் வழக்கம். பல லேப்டாப்புகளில் இது டர்போவை நிறுத்தி, மிஞ்சும் வாட்டைக் கிராபிக்ஸுக்குத் திருப்பிவிடும். ஆனால் இது எல்லாருக்கும் பொதுவான மருந்தல்ல. முதலில் ரெசல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்கு ஏறினால் முட்டுக்கட்டை கிராபிக்ஸ். அப்போது டர்போவை நிறுத்திப் பார்க்கலாம். எண் அசையவே இல்லையென்றால் முட்டுக்கட்டை பிராசசர். டர்போவை நிறுத்தினால் உள்ளதும் போய்விடும். வாலரன்ட் போன்ற எளிய வரைகலை உள்ள விளையாட்டில் சற்றுப் புதிய லேப்டாப்பில் இரண்டாவது நிலைதான் அடிக்கடி வரும்.

சார்ஜரையும் கவனிக்க வேண்டும். பேட்டரியில் மட்டும் ஓடினால் வேகம் தானாகவே குறையும். அசல் அல்லாத, வாட் குறைந்த சார்ஜரைச் செருகினால் சில லேப்டாப்புகள் பிராசசரை 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் கட்டிப்போட்டுவிடும். டாஸ்க் மேனேஜரில் அந்த வேகத்தைப் பார்த்தால் செட்டிங்ஸில் தலையை முட்டிக்கொள்வதை விட்டு சார்ஜரை மாற்றுங்கள்.

முதல் ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு படிப்படியாகத் தொங்கினால் வெப்பம். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைப் பின்னணியில் திறந்து வைத்து ஆடினால் வெப்பநிலை, வாட், 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகம் குறைவது) நடந்ததா இல்லையா என்று மூன்றும் பதிவாகும். 95 டிகிரியைத் தொட்டு வாட் சரிந்திருந்தால் காற்று வழியைச் சுத்தம் செய்தாக வேண்டும். தூசி பெரும்பாலும் மின்விசிறியின் மீது அல்ல, அதற்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. அடிமூடியைத் திறந்து, விசிறி இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். மெத்தைமீது வைத்து ஆடினால் எந்தச் சுத்தமும் உதவாது. பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைப்பது காசில்லாத வைத்தியம்.

இதற்கெல்லாம் பிறகுதான் விளையாட்டின் செட்டிங்ஸ். 1080இல் ஒரு ஃபிரேமுக்கு 20,73,600 புள்ளிகள் வரைய வேண்டும், 1600×900இல் 14,40,000, 720இல் 9,21,600. ஆக, மற்ற எல்லாவற்றையும்விட இது ஒன்றே பெரிய நெம்புகோல். ஆனால் சுடும் விளையாட்டில் அதற்கு ஒரு விலை உண்டு: 1080இல் 30 புள்ளி உயரத்தில் தெரியும் எதிரி, 720இல் 20 புள்ளிதான். குறுகிய சந்துகளில் சண்டை நடக்கும் விளையாட்டுக்கு 720 தாராளமாகப் போதும்; தூரத்து மலைச்சரிவில் ஆளைத் தேடும் பேட்டில் ராயல் வகைக்கு 900இல் நின்று, நிழலையும் புல்லையும் தியாகம் செய்வதே மேல். எஃப்எஸ்ஆர் வசதி இருந்தால் அதன் முதல் பதிப்பு இந்த வகை கிராபிக்ஸுக்கு ஒத்துவரும். 1080 திரையில் 'குவாலிட்டி' வைத்தால் உள்ளே 720இல் வரைந்து பெரிதாக்கும், எழுத்துகளும் குறியும் மட்டும் கூர்மையாக இருக்கும். இரண்டாம் பதிப்பை ஓட்டுவதற்கே கிராபிக்ஸுக்கு வேலை அதிகம். பழைய யுஎச்டி கிராபிக்ஸில் மிச்சப்படுத்தியதை அதுவே தின்றுவிடும்.

நிழல், ஆம்பியன்ட் ஆக்லூஷன் (மூலைகளில் விழும் மெல்லிய நிழல்), பிரதிபலிப்பு, எம்எஸ்ஏஏ (ஓரங்களை வழவழப்பாக்கும் வசதி) ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். எம்எஸ்ஏஏ நேரே நினைவகப் பாதையையே அடைப்பதால் இங்கே அதன் சுமை இரண்டு மடங்காக உறைக்கும். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடிமட்டத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. ரேம் 16 ஜிபி இருந்தால் நடுநிலையில் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, 60 என்ற எண்ணின் மீதான மோகம். 35க்கும் 60க்கும் இடையில் ஊசலாடும் விளையாட்டைவிட, 45இல் அசையாமல் நிற்கும் விளையாட்டில் குறி தப்பாது. 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி, ஊசலாட்டத்தில் ஒரு ஃபிரேம் 16.7க்கும் அடுத்தது 28க்கும் வந்தால், மவுஸ் ஒரே அளவு நகர்ந்தாலும் கைக்கு வேறு வேறு அளவாகத் தெரியும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது எண் எதுவரை விழுகிறதோ, அதற்குச் சற்று மேலே விளையாட்டின் ஃபிரேம் வரம்பைக் கட்டுங்கள். வெறுமனே சுவரைப் பார்க்கும்போது வீணாகும் வாட் மிச்சமாகி வெப்பமும் குறையும். வி-சிங்க் (ஃபிரேமைத் திரையின் சுற்றோடு பொருத்தும் வசதி) வேண்டாம். பழைய முறை வி-சிங்கில், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடியை இம்மியளவு தாண்டினாலும் அடுத்த சுற்றுவரை காத்திருந்து 30க்குக் குதித்துவிடும். கையின் தாமதமும் கூடும். விண்டோஸின் பின்னணிப் பதிவு வசதியை அணைத்துவிடுங்கள். புதிய விளையாட்டின் முதல் சில ஆட்டங்களில் வரும் திக்கலை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், ஷேடர்கள் (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்கள்) தயாராகும்போது அப்படித்தான் இருக்கும்.

எந்த விளையாட்டு என்பதிலும் நேர்மையான பதில் வேண்டும். வாலரன்ட் குறைந்தபட்சமாகக் கேட்பதே 2012ஆம் ஆண்டின் இன்டெல் எச்டி 4000தான், அதுவும் 30 ஃபிரேமுக்கு. டீம் ஃபோர்ட்ரஸ் 2, லெஃப்ட் 4 டெட் 2, இலவசமாகக் கிடைக்கும் சோனாட்டிக் ஆகியவை யுஎச்டி 620இல் நன்றாக ஓடக்கூடியவை. 2023இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்து பழைய குளோபல் அஃபென்சிவின் இடத்தைப் பிடித்தபோது, பழையதில் சமாளித்து வந்த பல லேப்டாப்புகள் வெளியே தள்ளப்பட்டன. புகை குண்டு விழும் இடத்தில் எண் சரிவதை எந்த செட்டிங்கும் முழுதாகக் காப்பாற்றாது. அதில் 4:3 விகிதத்தில் 1024×768 வைத்துத் திரை முழுக்க இழுத்துவிட்டால் புள்ளிகள் 7,86,432 ஆகக் குறையும், எதிரி அகலமாகவும் தெரிவார். பக்கவாட்டுப் பார்வை மட்டும் வெட்டுப்படும். 'லோ எண்ட் பேக்' என்ற பெயரில் வரும் மாற்றப்பட்ட கோப்புகளைப் போட்டுக்கொண்டு ஆன்லைனில் ஆடினால், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கணக்கையே முடக்கலாம். அந்தப் பேக்கினுள் வைரஸ் இருந்தால் கணக்கின் பாஸ்வேர்டும் சேர்ந்து போகும்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர் ஒருவர்