ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: ஏரிக்கரைக்கு ஓகஸ்டில் மட்டும் போனால் போதுமா?

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், முதியோர் மன்றங்கள் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

இன்னும் சில வாரங்களில் உங்கள் செயற்குழுக்கள் கூடி அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டியைப் போடப்போகின்றன. பொங்கல் விழா, பொதுக்கூட்டம், ஆடி ஆவணியில் பூங்காவில் ஒன்றுகூடல், கார்த்திகைக்கு முன் ஒரு இராப்போசனம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு சங்கங்களுக்குச் சந்தா கட்டுகிறவன் நான். ஒன்றுகூடல்களில் தேசிக்காய் ஓட்டமும் கயிறிழுத்தலும் நடத்தியிருக்கிறேன், முட்டி உடைக்கக் கண் கட்டிவிட்டிருக்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றையாவது வடக்கே, மஸ்கோக்கா ஏரிகளின் பக்கம் கொண்டுபோங்கள். அதையும் ஓகஸ்ட் மாதத்தில் வைக்காதீர்கள்.

நாம் அங்கே போகாதவர்கள் இல்லை. ஓகஸ்ட் முதல் திங்கள் விடுமுறை வந்தால் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு கொட்டேஜ், அதாவது ஏரிக்கரை விடுமுறை வீடு, வாடகைக்கு எடுப்போம். வெள்ளி மாலை நெடுஞ்சாலை 400இல் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர நள்ளிரவாகிவிடும். இடியப்பத் தட்டு, ஆட்டிறைச்சி, அரிசி மூட்டை எல்லாம் கூடவே வரும். இரண்டு நாள் சமைத்து, சாப்பிட்டு, சீட்டாடி, ஏரியில் காலை நனைத்துவிட்டுத் திங்கள் காலை வீட்டைக் கூட்டித் துடைத்துத் திரும்புவோம். இதை நான் குறைவாகச் சொல்லவில்லை. என் பிள்ளைகள் தங்கள் மச்சான் மச்சாள்மாரை அறிந்ததே அந்தக் கொட்டேஜ்களில்தான். ஆனால் பத்து வருடம் அப்படிப் போயும், பக்கத்து ஊரின் பெயர் எனக்குத் தெரியாது. அந்த ஏரி மற்ற பதினொரு மாதமும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

அதை மாற்றியது என் அப்பா. வேலணையில் பிறந்தவர், 1991இல் இங்கே வந்தார். அம்மா போன பிறகு ஸ்காபரோ அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடியின் யன்னலோரக் கதிரையை விட்டு எழும்புவதே குறைந்துபோயிற்று. ஒரு மார்ச் மாதக் கடைசியில் மகளின் பள்ளிக்கூட வேலைக்காக மேப்பிள் பாணி காய்ச்சுகிற தோட்டமொன்றுக்குப் போக வேண்டியிருந்தது. அப்பாவையும் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றினேன். ஹன்ட்ஸ்வில்லுக்குப் பக்கத்தில் ஒரு காடு. நிலத்தில் முழங்கால் உயரப் பனி, ஆனால் வெயில் பளிச்சென்று அடித்தது. மரங்களில் வாளி தொங்கியது. காய்ச்சும் கொட்டிலுக்குள் நுழைந்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். "இது எங்கட கருப்பநீர் காய்ச்சிற மணமடா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்தவேயில்லை. காய்ச்சிக்கொண்டிருந்த மனிதரிடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவது, விடியமுன் பனையில் ஏறுவது, பதம் பார்ப்பது, பனங்கட்டியைக் குட்டானில் ஊற்றுவது என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதரும் தன் பங்குக்குச் சொன்னார். இரவில் உறைநிலைக்குக் கீழே போய், பகலில் மேலே வந்தால்தான் மரத்தில் நீர் ஓடும். அந்தக் காலம் சில வாரங்கள்தான். ஏறத்தாழ 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி. மரத்தைக் கீறி இனிப்பு எடுக்கும் இந்த வித்தையைக் குடியேறிகளுக்குக் காட்டியவர்கள் இந்த மண்ணின் முதற்குடிகள். அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஒரு கிழமை முழுவதும் தொலைபேசியில் எல்லாருக்கும் இதே கதைதான்.

உங்கள் அங்கத்தவர்களில் பனையடியில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் அந்த மணத்தை மறுபடி முகர்ந்திருக்கிறார்கள்? ஒரு பஸ் பிடித்தால் போய் வர ஒரு நாள். மார்ச் கடைசி, ஏப்ரல் முதற்பாதி. கறுப்பு ஈயும் நுளம்பும் வருமுன்னரே திரும்பிவிடலாம். மே நடுவிலிருந்து ஜூன் வரை அந்த ஈக்கள் பிடுங்கி எடுக்கும், அப்போது முதியவர்களைக் கூட்டிப்போக வேண்டாம்.

கோடைக்கு வருகிறேன். மஸ்கோக்காவின் கிரேவன்ஹர்ஸ்ட் ஊரில் கல் (Gull) என்ற ஏரியின் கரையில் ஒரு பூங்கா இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் கரையை ஒட்டி நீரில் நிற்கும் மிதவை மேடையில் வாத்தியக் குழு வாசிக்கும். கேட்பவர்கள் புல்வெளியில் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். 1959இலிருந்து நடக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் நம் பெற்றோரின் வயதுக்காரர்கள். ஊரில் கோயில் வீதியில் பாய் விரித்து மேளக் கச்சேரி கேட்டவர்களுக்கு அந்த மாலை அந்நியமாகவே இருக்காது. அதே ஊரிலிருந்துதான் செக்வன் என்ற நீராவிக் கப்பல் புறப்படுகிறது. அதன் இரும்பு உடல் 1887இல் கட்டப்பட்டது, இன்றும் நிலக்கரியில் ஓடுகிறது. ஜூலையில் பிரேஸ்பிரிஜ் ஊரில் கைவினைக் கலைஞர்கள் கூடாரம் அடித்து மட்பாண்டமும் நெசவும் ஓவியமும் விற்பார்கள். வாங்கத்தான் வேண்டுமென்றில்லை, செய்தவரோடு நின்று பேசலாம்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம். நம் பிள்ளைகள் மிருதங்கம், வயலின், வீணை, பரதம் என்று பத்து வருடம் படிக்கிறார்கள். பெரிய மண்டபத்தில், பெரும் செலவில், நாமே நமக்கு அரங்கேற்றம் வைக்கிறோம். அதோடு பலருக்கு முடிந்துபோகிறது. ஏரிக்கரை ஊர்களில் கலை நிகழ்ச்சிகளை நடத்துபவர்களுக்கு ஒரு சங்கமாவது கடிதம் எழுதி, "எங்கள் பிள்ளைகள் வந்து வாசிக்கலாமா" என்று கேட்டிருக்கிறதா? நான் விசாரித்த அளவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அடுத்த வருடம் மறுபடி கேளுங்கள். அந்தி வெயிலில் தண்ணீரின் மேல் ஒரு தனி ஆவர்த்தனம் எப்படி ஒலிக்கும் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சரி, தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்.

சில வருடங்களுக்கு முன் மே மாத விடுமுறையில் என் தங்கையின் மகன் வள்ளத்தில் போய்க் கவிழ்ந்தான். வெளியில் 24 பாகை, எல்லாரும் அரைக்கை. ஆனால் ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உயிர்காப்பு அங்கிகள் கொட்டேஜின் அலுமாரிக்குள் அழகாக அடுக்கியிருந்தன. அந்தக் குளிர்நீரில் விழுந்தால் முதல் நொடியிலேயே மூச்சுத் திணறும், சில நிமிடங்களில் கைகால் சொல்வழி கேளாது. நீச்சல் தெரிந்தாலும் அதுதான் நிலை. பக்கத்துத் துறையில் படகு துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் பார்த்து, பாய்ந்து வந்து தூக்கினார். அவர் கொஞ்சம் முன்னதாக வீட்டுக்குள் போயிருந்தால் இந்த மடலை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

கடலோரத்திலிருந்து வந்தவர்கள் நாம். ஆனாலும் நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது, பெண்களுக்குக் கற்றுத்தரப்படவே இல்லை. கனடாவில் சட்டப்படி படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு உயிர்காப்பு அங்கி படகில் இருக்க வேண்டும். போட்டிருக்க வேண்டும் என்பதை நாம்தான் விதியாக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் போகும் எந்தப் பயணத்திலும், அங்கி போடாதவர் படகில் ஏறக்கூடாது என்று செயற்குழுவில் தீர்மானம் போடுங்கள். தலைவர், செயலாளர், எழுபது வயதுப் பெரியவர், யாராக இருந்தாலும் அதுதான். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் இந்த அங்கிகளை இரவலாகவே தருகிறார்கள். அப்புறம், கனடிய உயிர்காப்புச் சங்கம் வைத்திருக்கும் அடிப்படைப் பரீட்சை ஒன்று இருக்கிறது. ஆழமான நீரில் உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிடம் அதே இடத்தில் மிதக்க வேண்டும், 50 மீற்றர் நீந்த வேண்டும். இவ்வளவுதான். குளிர்காலத்தில் சமூக நிலையத்துத் தடாகத்தை வாடகைக்கு எடுத்து உங்கள் அங்கத்தவர்களுக்கு, முக்கியமாகத் தாய்மாருக்கு, இதைப் பழக்குங்கள். பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரம் வைத்தால் நிறையப் பேர் வருவார்கள். இராப்போசனத்து மண்டப வாடகையில் ஒரு பங்குகூட ஆகாது.

இலையுதிர்காலம்தான் அந்தப் பக்கத்தின் உச்சம். செப்டெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும் சீனி மேப்பிள் சிவந்து நிற்கும். டோர்செற் ஊரில், முன்பு காட்டுத்தீ பார்க்கும் கோபுரம் நின்ற இடத்தில் இப்போது நிற்கும் 30 மீற்றர் கோபுரத்தில் ஏறினால் ஏரியும் நிறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பக்கத்து அல்கொன்குயின் பூங்கா 1893இல் உண்டானது. அங்கேதான் ரொம் ரொம்சன் என்ற ஓவியர் வழிகாட்டியாகவும் தீக்காவலராகவும் வேலை செய்துகொண்டு, கைக்கு அடக்கமான பலகைகளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே தீட்டினார். 1917 ஜூலையில், 39 வயதில், கனூ ஏரியில் இறந்துபோனார். அவருடைய நண்பர்கள் 1920இல் தொடங்கியதுதான் கனடா முழுக்கப் பெயர்பெற்ற ஏழு ஓவியர் குழு. அவர்களின் ஓவியங்களை ஹன்ட்ஸ்வில் ஊரின் சுவர்களில் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள், காசு இல்லாமல் தெருவில் நடந்தே பார்க்கலாம். செப்டெம்பரில் கலைஞர்கள் தங்கள் பட்டறைகளைத் திறந்து வைத்து யாரையும் உள்ளே விடுகிறார்கள். வரைகிற பிள்ளைகள் உங்கள் சங்கத்தில் இருந்தால் அவர்களை அங்கே கூட்டிப்போங்கள். ஓவியம் ஒரு பிழைப்பாகவும் இருக்கலாம் என்று அவர்கள் கண்ணால் காணட்டும்.

ஒன்று நினைவிருக்கட்டும். நிறம் பார்க்கும் நாட்களில் கூட்டம் பெருகுவதால் மாகாணப் பூங்காக்களில் வாகன அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும், ஐந்து நாள் முன்பிருந்து எடுக்கலாம். எடுக்காமல் மூன்று மணி நேரம் ஓடிப்போய் வாசலில் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஒக்ரோபர் நடுவில் பாலா என்ற சிற்றூரில் கிரான்பெரித் திருவிழா. வயலுக்குள் தண்ணீர் விட்டுப் பழங்களை உதிர்ப்பார்கள், அவை சிவப்புக் கம்பளம் போல மிதந்து வரும். வயலில் நீர் கட்டுவது என்றால் என்னவென்று தெரிந்த நம் பெரியவர்கள் அதை வரம்பில் நின்று பார்க்க வேண்டும். (அந்தப் பழத்தில் ஊறுகாய் போட்டுப் பாருங்கள். தேசிக்காய் ஊறுகாய்க்கு என் மனைவி இப்போது ஆசைப்படுவதே இல்லை.)

குளிர்காலத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஹன்ட்ஸ்வில்லுக்கு அருகே ஆரோஹெட் பூங்காவில் காட்டுக்குள்ளே வளைந்து போகும் 1.3 கிலோமீற்றர் பனிச்சறுக்குப் பாதை உண்டு. சில இரவுகளில் வழியெல்லாம் தீப்பந்தம் ஏற்றுவார்கள். இளையோர் அமைப்புகள் இதை ஏற்று நடத்தட்டும்.

கடைசியாக, அங்கே போகும்போது பிள்ளைகளுக்கு அந்த நிலத்தின் கதையையும் சொல்லுங்கள். மஸ்கோக்கா என்ற பெயரே மஸ்குவாக்கி என்ற ஒஜிப்வே தலைவரின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1868இல் ஒன்ராறியோ அரசு அந்தப் பக்கத்து நிலத்தைக் குடியேறிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. வந்தவர்கள் உழப்போனால் பெரும்பகுதி பாறை. பயிர் கைகொடுக்காத இடங்களில் கோடைக்கு வருகிறவர்களுக்கு அறை விட்டுப் பிழைத்தார்கள். கொட்டேஜ்களின் கதை அப்படித்தான் தொடங்கியது. அதற்கு முன்னே அந்த ஏரிகளில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களின் வழிவந்தோர் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். காணி பறிபோவது என்றால் என்னவென்று நமக்கு ஒருவர் விளக்கத் தேவையில்லை. நாம் அவர்களுடைய பெயரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியை நிறுத்துவதும் அந்த மரியாதையில் சேர்ந்ததுதான். நிறுத்திப் பாருங்கள், லூன் பறவை கூப்பிடுவது கேட்கும். ஒரு டொலர் நாணயத்தில் நாம் தினமும் கையில் வைத்திருக்கும் பறவை அது. அதன் குரலை என் பிள்ளைகள் முதன்முதலில் கேட்டபோது மூத்தவளுக்கு வயது பதினாறு.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் வாங்கி வந்த பாணிப் போத்தலில் இன்னும் இரண்டு விரற்கடை இருக்கிறது.

ஜனவரிக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால் நான் வருகிறேன். மார்ச் பயணத்துக்குப் பெயர் சேர்ப்பது, பஸ் பேசுவது, மொழிபெயர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. முதியவர்களுக்குப் பனிச்சப்பாத்து இல்லாவிட்டால் அதையும் சேகரித்துத் தருகிறேன். முன் இருக்கைகள் இரண்டை எழும்ப மாட்டேன் என்று சொல்கிறவர்களுக்காக வைத்துவிடுங்கள். அவர்களைக் கூப்பிட நானே வீட்டுக்குப் போகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு சந்தாக்காரன்